ஒன்பதரைப் பேர் கம்பெனி

பக்கத்து டேபிளில் யாராவது மெதுவாக 'மானியம்' என்று சொன்னாலும் என் காதில் விழுந்துவிடும். மூலதன மானியம், மின்கட்டண மானியம், ஜெனரேட்டர் மானியம் என்று சிறுதொழில்காரனுக்கு அரசாங்கம் எதையெல்லாம் கொடுக்கிறதோ, அதற்கெல்லாம் மனுப் போட்டவன் நான். மில்லிங் மிஷின் வாங்கியபோது அந்த 25 சதவீத மூலதன மானியத்துக்காக மாவட்டத் தொழில் மையத்துக்கு நடந்து நடந்து செருப்பே தேய்ந்துவிட்டது. செருப்புக்கு ஏதாவது உண்டா என்றும் அங்கேயே ஒருவரிடம் கேட்டுப் பார்த்தேன்.

எனக்குக் கோயம்புத்தூரில், கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறை. பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் ஜாப் ஆர்டர். மிஷினுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது, கட்டடத்துக்கு இருக்கிறது, சரக்கு ஏற்றும் டெம்போவுக்கும் இருக்கிறது. எல்லாம் பேங்க்காரர்கள் கேட்டதால் எடுத்தது. மிஷினை ஓட்டுகிற ஆட்களுக்கு எடுத்தாயா என்று எந்த பேங்க்கும் கேட்கவில்லை. பேங்க் கேட்காததைக் கொடுத்து எனக்கும் பழக்கமில்லை.

எங்கள் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருப்பவர்களிடம், "எத்தனை பேருங்க வேல செய்யறாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். நிறையப் பேர் "ஒம்பது" என்பார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் பதினாலு தலை தெரியும். கேட்டால், வந்த விருந்தாளி, டீ கொண்டு வந்த பையன், சும்மா பேச வந்த மச்சினன் என்று விளக்கம் வரும். சும்மா பேச வந்த மச்சினன் கையில் வெர்னியர் காலிப்பர் இருக்கும்.

ஒன்பதின் மகிமை தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியும். பத்துப் பேர் ஆகிவிட்டால் ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு வந்துவிடும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிற எல்லோரையும் அதில் சேர்த்து, மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். ஆகவே எங்கள் பட்டறையின் வளர்ச்சி, என் அப்பா காலத்திலிருந்தே ஒன்பதில் வந்து நின்றிருந்தது. இதை நான் 'கன்ட்ரோல்ட் குரோத்' என்று சொல்லிக்கொள்வேன்.

கன்ட்ரோல் செய்ய எத்தனை மூளை செலவானது என்று நினைக்கிறீர்கள்! மூன்று பேரை மனைவி பெயரில் தொடங்கிய இன்னொரு கம்பெனிக்கு மாற்றினேன். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு, வாசலில் இரண்டாவது போர்டு. இரண்டு கம்பெனிக்கும் ஒரே கம்ப்ரசர், ஒரே கக்கூஸ், ஒரே சரஸ்வதி பூஜை. மனைவிக்குத் தான் ஒரு நிறுவனத்தின் புரொப்ரைட்டர் என்பது வருமானவரித் துறையிலிருந்து கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது.

காலையில் வந்து கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகிற அக்காவை நான் அரை ஆளாகக் கணக்கு வைத்திருந்தேன். ஆக மொத்தம் ஒன்பதரை. பின்னால் இந்தக் கணக்கைக் கேட்ட பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கன்சல்டன்ட், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சட்டத்துல அரை ஆளுன்னு ஒண்ணு இல்லீங்க சார். ஒரு மணி நேரம் வந்தாலும் ஒரு ஆளுதான்" என்றார். கூட்டுகிற அக்காவுக்கு விஷயம் எப்படியோ தெரிந்து, அரை ஆள் என்பதால் அடுத்த இரண்டு நாள் பட்டறையைப் பாதிதான் கூட்டினார்.

சரி, இவ்வளவு பயந்து ஓடினேனே, அந்த ஈ.எஸ்.ஐ.க்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று ஒரு தடவையாவது கேட்டேனா? இல்லை. என் தகவல் எல்லாம் டீக்கடை பெஞ்சிலிருந்து வந்தது. அங்கே ஒருவர் "ஆறரை பர்சன்ட்டுங்" என்று பெருமூச்சு விட்டார். அவர் சொன்னது தப்பில்லை. முதலாளி பங்கு 4.75, தொழிலாளி பங்கு 1.75 என்று 2019 ஜூன் வரை அப்படித்தான் இருந்தது. அந்த ஜூலை முதல் தேதியிலிருந்து 3.25, 0.75 என்று குறைத்துவிட்டார்கள். குறைத்த செய்தி டீக்கடைக்கு வரவே இல்லை. வந்தது டீ விலை ஏறிய செய்திதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. 16,000 ரூபாய் சம்பளத்துக்கு என் பங்கு 520 ரூபாய், அவர் பங்கு 120. மொத்தம் 640. இதற்கு அவருக்கும், மனைவி மக்களுக்கும், அவரை நம்பியிருக்கும் அப்பா அம்மாவுக்கும் வைத்தியம். இவ்வளவுதான் செலவு செய்வோம் என்று ஒரு நோயாளிக்கு உச்சவரம்பு கிடையாது. நான் எங்கள் ஆபீஸ் ஏ.சி.க்கு வருஷ சர்வீஸ் கான்ட்ராக்ட் போட்டிருக்கிறேன். ஏ.சி.க்கு அப்பா அம்மா கூடக் கிடையாது.

இதில் அரசாங்கத்துக் காசும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாத இன்னொரு சங்கதி. ஈ.எஸ்.ஐ. மருத்துவச் செலவில் எட்டில் ஒரு பங்கை மாநில அரசு ஏற்றுக்கொள்கிறது. மீதி ஏழு பங்கு, நாடு முழுக்க முதலாளிகளும் தொழிலாளிகளும் கட்டுகிற பணம். ஆக, மற்றவர்கள் கட்டி, மாநிலமும் போட்டு, என் ஆட்களுக்கு வைத்தியம் பார்க்கத் தயாராக வைத்திருந்த பணம். அதன் பக்கமே போகாமல் இருக்க நான் பிளைவுட் வாங்கியிருக்கிறேன். பிளைவுட்டுக்கு மானியம் இல்லை.

ஒன்றுமே செய்யவில்லை என்று என்னைத் தப்பாக நினைக்காதீர்கள். நடுவில் ஒரு வருஷம் நல்ல மனசு வந்து, ஒரு தனியார் கம்பெனியில் குரூப் மெடிக்ளெய்ம் எடுத்தேன். கார்டு கொடுக்க ஒரு சின்ன விழாவே வைத்தேன், மைசூர்பாகு எல்லாம் வாங்கி. "இது கேஷ்லெஸ்" என்று பெருமையாக அறிவித்தேன். மாதக் கடைசி என்பதால், "நாங்களும் அதானுங்ண்ணா" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

அந்த கார்டை யாரும் உபயோகிக்கவே இல்லை. இவர்களுக்கு வருவது காய்ச்சல், முதுகுவலி, வீட்டில் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை. பாலிசியோ ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான் வாயைத் திறக்கும். அதுவும் முதலாளி வாங்கிய சல்லிசான பாலிசி என்பதால் அப்பா அம்மா கிடையாது. எட்டாயிரம் வார்த்தைகளில் எது எதற்கெல்லாம் கிடையாது என்று எழுதியிருந்தார்கள். அதில் நான் படித்தது பிரீமியம் தொகையும், அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும்.

"ஏனுங்ண்ணா, முதலமைச்சர் காப்பீட்டுல சேந்துக்கறோங்க, அதுல சர்க்காரே கட்டிருமில்ல?" என்று ஒருவர் யோசனை சொன்னார். அருமையான யோசனை. 2009-ல் கலைஞர் பெயரில் வந்து, 2012-ல் முதலமைச்சரின் விரிவான காப்பீடாக மாறிய திட்டம். பிரீமியம் முழுக்க அரசாங்கம் கட்டும், குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை வைத்தியம். எனக்குச் செலவே இல்லை என்பதால் உடனே தொழிலாளர் நலனில் ஆர்வம் பொங்கிவிட்டது.

ஒரே ஒரு இடைஞ்சல். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் பத்தாயிரம். 16,000 சம்பளக்காரர் அந்த வாசலில் பணக்காரர், மெடிக்ளெய்ம் வாசலில் ஏழை. இப்படி நடுவில் மாட்டிக்கொள்கிற ஆளுக்காகவே உண்டானது போலத்தான் ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. அதைத்தான் நான் ஒன்பது என்கிற பூட்டைப் போட்டு அடைத்து வைத்திருந்தேன்.

அடைத்ததோடு விட்டேனா? சம்பளச் சான்றிதழ் எழுதிக் கொடுக்கிற வேலையும் எனக்கு வந்து சேர்ந்தது. காப்பீட்டுக்கு என்று கேட்டால் 9,500. பைக் லோனுக்கு என்று கேட்டால் 25,000. ஒரு தடவை ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டையும் எழுதி, கவரை மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஃபைனான்ஸ்காரர் போன் செய்து, அந்தப் பையனுக்காக என்னிடம் வருத்தம் தெரிவித்தார்.

அப்புறம் எப்படி மனம் மாறினேன் என்று கேட்பீர்கள். மாறவில்லை. ஒரு பெரிய பம்ப் கம்பெனி எங்களுக்கு ஆர்டர் தர முன்வந்தது. வெண்டார் படிவத்தில் ஏழாவது வரியில், ஈ.எஸ்.ஐ. சலான் நகல் இணைக்கவும் என்று இருந்தது. புத்தருக்குப் போதி மரம். எனக்குப் பர்சேஸ் ஆர்டர்.

சேர்ந்த பிறகு புதிதாக மதம் மாறியவனைப் போல எல்லாவற்றையும் படிக்க ஆரம்பித்தேன். 1948-ல் சட்டம், 1952 பிப்ரவரி 24-ல் கான்பூரில் நேரு தொடங்கி வைத்தது. தமிழ்நாட்டில் முதலில் எங்கே வந்தது தெரியுமோ? எங்கள் கோயம்புத்தூரில்தான், 1955 ஜனவரி 23-ல். மில்லுகள் நிறைந்த ஊர் அல்லவா. 2021 மே மாதம் முதல்வர் ஸ்டாலின் பிபிஇ கிட் போட்டுக்கொண்டு சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் கொரோனா வார்டுக்குள் போனதை டிவியில் பார்த்து, "நம்மூர்ல இத்தன பெரிய ஆஸ்பத்திரியா!" என்று வாயைப் பிளந்தவன் நான். அதுவரைக்கும் ஈ.எஸ்.ஐ. என்பது எனக்கு ஒரு பஸ் ஸ்டாப்.

ஒரு சின்ன சபலமும் வந்தது. ஆர்டர் கையில் வந்ததும் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள். தலை எண்ணிக்கை குறைந்தது. கன்சல்டன்டுக்குப் போன் போட்டு, குரலில் சோகத்தை வரவழைத்துக்கொண்டு, "இப்ப எட்டு பேர்தானுங்க, விட்ரலாமுங்களா?" என்றேன். "ஒருக்கா சேந்தா சேந்ததுதானுங்க சார், ஆளு கொறஞ்சாலும் தொடரும்" என்றார். சோகம் அதற்கப்புறம் தானாகவே வந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மில்லிங் ஆபரேட்டர், காலையில் வேலைக்கு வரும்போது சத்தி ரோட்டில் பைக்கோடு விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். வேலைக்கு வர மாதக் கணக்காகும் என்றார்கள். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, 2,000 ரூபாயை ஒரு கவரில் வைத்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம், எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எப்படி ஆரம்பிப்பது என்பதைப் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அவர் சாவகாசமாக உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் பிரச்சன இல்லீங்ண்ணா. வேலைக்கு வர்ற வழியில அடிபட்டாலும் வேலையில அடிபட்ட மாதிரிதானாம். சம்பளத்துல தொண்ணூறு பர்சன்ட் ஈ.எஸ்.ஐ.ல குடுப்பாங்களாம். நீங்க விபத்து அறிக்கை மட்டும் போட்டு உட்ருங்க" என்றார். 2010-ல் வந்த திருத்தமாம். எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். கவரைக் கொடுப்பதா வேண்டாமா என்று யோசித்தபடியே அவர் வீட்டுக் காபியைக் குடித்துவிட்டு, கவரோடு திரும்பி வந்தேன்.

கன்சல்டன்டிடம் இதைப் பெருமையாகச் சொன்னபோது அவர் ஒரு குண்டைப் போட்டார். ஈ.எஸ்.ஐ.யில் இல்லாத ஆளுக்குப் பட்டறையில் கை போயிருந்தால், 1923-ம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டப்படி மொத்தமும் என் தலையில் விழுந்திருக்குமாம். இத்தனை வருஷம் ஒன்பதில் நின்று மிச்சம் பிடித்ததாக நினைத்தது, ஒரே ஒரு விரலில் போயிருக்கும். அன்று சாயங்காலமே பட்டறையில் எல்லோருடைய விரல்களையும் ஒரு தடவை எண்ணினேன்.

ஆனால் எனக்கு ராத்திரி தூக்கம் கெட்டது வேறு விஷயத்தில். எங்கள் ஸ்டோர் கீப்பருக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து ஒரு கால் சூம்பியிருக்கும். மாற்றுத்திறனாளி ஒருவரை வேலைக்கு வைத்தால், மாதச் சம்பளம் 25,000 வரை, முதலாளி கட்ட வேண்டிய ஈ.எஸ்.ஐ. பங்கை மத்திய அரசே கட்டும். 2008-ல் மூன்று வருஷத்துக்கு என்று வந்த திட்டம், 2016-ல் பத்து வருஷம் ஆனது. நான் ஊரெல்லாம் தேடிய அசல் மானியம், என் ஸ்டோர் ரூமில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தது.

ஆன்லைனில் பெயர் பதியும்போது மாற்றுத்திறனாளியா என்று ஒரு கட்டம் வந்தது. நான் எல்லோருக்கும் வரிசையாக 'இல்லை', 'இல்லை' என்று தட்டிக்கொண்டே போயிருந்தேன். அவருக்கும். அப்போது அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். "ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "நீங்க ரொம்ப வேகமாத் தட்டிட்டிருந்தீங்க. நானும் என்னையப் பாத்தா தெரியாதான்னு இருந்துட்டேனுங்" என்றார்.

ஆறுதலுக்கு அமெரிக்காவைப் பார்த்தேன். மச்சான் பையன் டல்லாஸில் ஏழு பேரை வைத்து ஒரு சின்ன கம்பெனி நடத்துகிறான். அங்கே 2010-ல் ஒபாமா கொண்டு வந்த சட்டத்தில், 25 பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் சின்ன முதலாளி ஊழியர்களுக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் எடுத்துக் கொடுத்தால், பிரீமியத்தில் அவர் போடும் பங்கில் ஒரு பகுதியை வரியில் கழித்துக்கொள்ளலாம். 2014-லிருந்து அதிகபட்சம் பாதி வரைக்கும். அரசாங்கம் 40 லட்சத்துக்கும் மேலே தபால் கார்டு அனுப்பிச் சொன்னது.

முதல் வருஷம் எத்தனை பேர் வாங்கினார்கள் தெரியுமா? 1,70,300 பேர். வாங்கத் தகுதி இருந்தவர்கள் குறைந்தது 14 லட்சம் என்று ஒரு கணக்கு, 40 லட்சம் என்று இன்னொரு கணக்கு. அரை ஆள், கால் ஆள் எல்லாவற்றையும் மணிக்கணக்கில் கூட்டி, முழு ஆளாக்கி, சராசரிச் சம்பளம் கண்டுபிடித்து எழுத வேண்டிய படிவம் அது. அதற்கு மண்டையை உடைத்துக்கொள்வதைவிட மானியமே வேண்டாம் என்று நிறையப் பேர் விட்டுவிட்டார்களாம். படித்ததும் உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. அரை ஆளைக் கூட்டுகிற சட்டம் அங்கே இருக்கிறது. நான்தான் தப்பான நாட்டில் பட்டறை வைத்துவிட்டேன்.

மச்சான் பையனுக்கு உடனே போன் செய்து, இதை வாங்கினாயா என்று அதட்டினேன். "மாமா, அது சராசரிச் சம்பளம் கம்மியா இருக்கற கம்பெனிக்குத்தான். நான் எல்லாருக்கும் நல்ல சம்பளம் குடுக்கறேன்" என்றான். பேச்சை மாற்றி, அங்கே குளிர் எப்படி என்று கேட்டேன்.

இங்கேயும் இப்போது சட்டம் மாறிவிட்டது. 2025 நவம்பர் 21-லிருந்து அமலுக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தாலும், முதலாளியும் ஊழியர்களில் பெரும்பாலோரும் ஒத்துக்கொண்டால் தாங்களாகவே ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்துகொள்ளலாம். எங்கள் தெருவில் ஒன்பதின் மதிப்பு ஒரே நாளில் சரிந்துவிட்டது. "இனி ஆளுக வந்து சேத்து உடுங்கன்னு கேட்டா என்னன்னு சொல்றது?" என்று ஒரு பட்டறைக்காரர் என்னிடம் கலங்கினார். அனுபவஸ்தன் என்று ஆலோசனை கேட்கிறார், பாவம். பிளைவுட் வேண்டுமானால் என்னிடம் இருக்கிறது என்றேன்.

சட்டம் மாறுவதற்கு முந்தின தீபாவளிக்கு, நடந்ததற்கெல்லாம் பிராயச்சித்தமாக மில்லிங் ஆபரேட்டருக்குச் சம்பளத்தை ஏற்றுவது என்று முடிவு செய்திருந்தேன். 20,500-லிருந்து 21,500. ஆயுத பூஜைப் பொரி கொடுக்கிற நேரமாகப் பார்த்து, எல்லோர் முன்னாலும் அறிவித்தேன். கைதட்டல் வரும் என்று ஒரு இடைவெளியும் விட்டேன். அவர் முகம் கறுத்துவிட்டது. "வேண்டாங்ண்ணா" என்றார்.

தனியாகக் கூட்டிப் போய்க் கேட்டேன். "21,000 தாண்டுனா அந்த ஆறு மாசக் கணக்கு முடிஞ்சதும் ஈ.எஸ்.ஐ. போயிருமுங்க. எங்கம்மாவுக்கு அங்கதான் மாத்தர வாங்கறது. அதுக்குப் பதிலா மூணு மாசத்துக்கு ஒருக்கா இன்சென்டிவ்னு குடுத்துருங்க. ரெண்டு மாசத்துக்கு மேல இடைவெளி உட்டுக் குடுத்தா அது சம்பளக் கணக்குல வராது" என்றார். கன்சல்டன்டிடம் கேட்டேன். அவரும் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சரிதான் என்றார். அதற்கு ஃபீஸும் வாங்கிக்கொண்டார்.

எனக்கு மகா சந்தோஷம். சம்பளமும் ஏற வேண்டாம், மேல்படிக்கு நான் ஈ.எஸ்.ஐ. பங்கும் கட்ட வேண்டாம், ஆளும் என்னை விட்டுப் போகமாட்டார். மூன்று மாதத்துக்கு 3,500 என்று அவரே ஒரு ரவுண்டான தொகை சொன்னார், நானும் பெரிய மனசோடு ஒத்துக்கொண்டேன். மாதம் ஆயிரம் என்றால் மூன்று மாதத்துக்கு 3,000தானே என்பது, முதல் செக்கில் கையெழுத்துப் போட்டு அவர் கையில் கொடுத்து, அவர் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்த பிறகுதான் உறைத்தது.